32 வாரம், ஹீமோகுளோபின் 9.1: பிரசவத்துக்குள் ஏறுமா?

முதல்முறை_அம்மா

வணக்கம். இது எனக்கு முதல் குழந்தை, 32 வாரம் முடிந்துவிட்டது. கருத்தரித்த புதிதில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11.6 இருந்தது, அதனால் அப்புறம் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. இப்போது திரும்ப எடுத்ததில் 9.1 என்று வந்திருக்கிறது. கூடவே ஃபெரிட்டின் என்று ஒன்று பார்த்திருக்கிறார்கள், அது 7. டாக்டர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, இரும்புச்சத்து குறைவு, மாத்திரை போடுங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள், ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெளியே கூட்டம் காத்திருந்தது, கேட்க நினைத்த எதையும் கேட்க முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து என்றால் எனக்கு 36 வாரம் ஆகிவிடும். அப்போது போய் ஏறவில்லை என்று தெரிந்தால் மிச்சமிருக்கும் நாட்களில் என்ன செய்ய முடியும்? அதுதான் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் கால் குடைகிறது, ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்ன வேண்டும் என்று ஒரு வெறியே வருகிறது, இதெல்லாம் கர்ப்பத்தில் எல்லோருக்கும் வருவதுதான் என்று நினைத்திருந்தேன். மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து வயிறு புரட்டுகிறது, மலச்சிக்கல் வேறு. கால்சியம் மாத்திரையையும் இதையும் சேர்த்து ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பாலோடு போடுகிறேன், அது சரியா என்றும் தெரியவில்லை. நான் இறைச்சி சாப்பிடுவதில்லை, பாலும் முட்டையும் உண்டு. எடை கர்ப்பத்துக்கு முன்னால் 55 கிலோ.

பிரசவத்துக்குள் இது ஏறுமா? ரத்தம் ஏற்ற வேண்டி வருமா? குழந்தைக்கு ஏதாவது குறை வருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரத்தஅறிக்கை

நான் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன், டாக்டர் இல்லை. அதனால் மருந்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நடு மூன்று மாதத்துக்கு மட்டும் 10.5. 7-லிருந்து 9.9 வரை இருந்தால் நடுத்தரம், 7-க்குக் கீழே கடுமையானது. ஆக உங்கள் 9.1 நடுத்தரத்தில் வருகிறது. பயந்து நடுங்க வேண்டிய எண் இல்லை, ஆனால் ஒரு மாதம் அப்படியே விட்டுவைக்கிற எண்ணும் இல்லை.

கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்குவது இயல்புதான். ரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதி அளவுக்குக் கூடுகிறது, சிவப்பணுக்கள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை, அதனால் ரத்தம் நீர்த்துப் போகிறது. சிலர் இதைச் சொல்லியே எல்லாக் குறைவையும் "கர்ப்பத்தில் அப்படித்தான்" என்று தள்ளிவிடுகிறார்கள். உங்கள் விஷயத்தில் அப்படித் தள்ள முடியாது, ஏனென்றால் ஃபெரிட்டின் 7. ஃபெரிட்டின் என்பது உடம்பு சேர்த்துவைத்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டுவது. கர்ப்பிணிக்கு 30 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தாலே இருப்பு குறைவு என்று பல நாடுகளின் வழிகாட்டிகள் எடுத்துக்கொள்கின்றன, 15-க்குக் கீழே என்றால் இருப்பு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்று பொருள். காய்ச்சல், கிருமித்தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும், ஆனால் குறைவாகக் காட்டினால் அதற்கு இரும்புக் குறைவைத் தவிர வேறு காரணம் அநேகமாக இல்லை. ஆகவே உங்களுக்கு இருப்பது உண்மையான இரும்புக் குறைவு, அதில் சந்தேகமே வேண்டாம்.

ஏன் இப்போது வந்தது என்று கேட்பீர்கள். ஒரு முழுக் கர்ப்பத்துக்கு மொத்தமாக ஏறக்குறைய 1000 மி.கி. இரும்பு செலவாகிறது. சுமார் 300 மி.கி. குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும், 450-லிருந்து 500 வரை அம்மாவின் கூடுதல் சிவப்பணுக்களுக்கு, மிச்சம் அன்றாட இழப்பு. இந்தச் செலவில் பெரும்பகுதி கடைசி மாதங்களில்தான் வருகிறது, குழந்தை தனக்கு வேண்டிய இருப்பில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வதும் அப்போதுதான். ஆரம்பத்தில் 11.6 இருந்தும் உள்ளே இருப்பு குறைவாக இருந்தால் வெளியே தெரியாது, இப்போதுதான் தெரியும். உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை.

அறிக்கையில் இன்னொன்றையும் பாருங்கள்: எம்.சி.வி. என்ற வரி. அது சிவப்பணுவின் அளவு. இரும்புக் குறைவில் அணு சிறுத்துப் போகும், தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் கூறு உள்ளவர்களுக்கும் சிறுத்துத்தான் இருக்கும். இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். மாத்திரை ஒழுங்காகப் போட்டும் ஏறவில்லை என்றால் ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனை, பி12, ஃபோலேட் பார்த்தார்களா என்று கேளுங்கள். குடற்புழுவும் சிலருக்குக் காரணமாக இருக்கும்.

அப்புறம் அந்த ஐஸ் கட்டி ஆசை, கால் குடைச்சல் இரண்டையும் அடுத்த முறை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இரண்டுமே இரும்புக் குறைவோடு சேர்ந்து வருபவை. ஐஸ் ஆசை பலருக்கு ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்பே, மருந்து உள்ளே போக ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே நின்றுவிடும்.

வானவில்

தோழி, பயப்படாதீர்கள். என் நாத்தனாருக்கும் இப்படித்தான் இருந்தது, மாத்திரையே போடாமல் பேரீச்சம்பழம், மாதுளை, பீட்ரூட் மூன்றையும் தினமும் சாப்பிட்டே தேறிவிட்டாள். இயற்கையாக ஏறுவது போல் மருந்தில் ஏறாது. மாத்திரை வயிற்றைக் கெடுக்கிறது என்றால் விட்டுவிட்டு இதை முயன்று பாருங்கள்.

இரண்டுபிள்ளைக்காரி

வானவில், நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் மாத்திரையை விடச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. 100 கிராம் பேரீச்சையில் இருப்பதே சுமார் 1 மி.கி. இரும்பு, பீட்ரூட்டில் அதைவிடக் கொஞ்சம் குறைவு, மாதுளையில் 0.3 மி.கி. அளவுதான். சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு உணவில் வேண்டியதாகச் சொல்லப்படுவது 27 மி.கி., அதுவும் இருப்பு சரியாக உள்ளவர்களுக்கு. தாவர உணவில் இருக்கும் இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது 2-லிருந்து 20 சதவீதம் வரைதான். ஃபெரிட்டின் 7-ல் நிற்கும்போது, கையில் ஏழெட்டு வாரம் மட்டும் இருக்கும்போது, உணவை மட்டும் நம்புவது நடக்காத காரியம். உணவு மாத்திரைக்குத் துணை.

முதல்முறை_அம்மா, இப்போது உங்களுக்கு. எனக்கு இரண்டு கர்ப்பத்திலும் இரும்பு குறைந்தது, இரண்டாவதில் உங்களை மாதிரியே கடைசி மாதங்களில். எனக்கு அப்போது விவரமாகச் சொல்லித்தந்த மருந்தாளுநர் ஒருவர் இருந்தார், அவர் சொன்னதையும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் கால்சியத்தையும் பாலையும் அந்த மாத்திரையிடமிருந்து பிரித்துவிடுங்கள். கால்சியம் இரும்பை உள்ளே போக விடாது. இரும்பைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால். கால்சியத்தை மதியமோ ராத்திரியோ சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். டீ, காபி இரண்டுக்கும் மாத்திரைக்கும் இடையே ஒரு மணி நேரமாவது வேண்டும், இரண்டு மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. நெஞ்செரிச்சலுக்கு ஏதாவது போடுகிறீர்களா? கடைசி மாதங்களில் பாதிப் பேர் போடுகிறோம், யாரும் கேட்பதில்லை. அமிலத்தைக் குறைக்கும் எந்த மருந்தும் இரும்பு உறிஞ்சுவதைக் குறைக்கும், அதனால் அதை டாக்டரிடம் சொல்லி நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரை இருந்தால் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மருந்து வேலை செய்யாது.

எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சுச் சாறு குடித்தால் மாத்திரை நன்றாக ஏறும் என்பார்கள். உணவில் இருக்கும் தாவர இரும்புக்கு வைட்டமின் சி நிச்சயமாக உதவும், அதனால் பருப்பு, பயறு, கீரை சாப்பிடும் வேளையில் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், தக்காளி, கொய்யா, ஆரஞ்சு ஏதாவது சேர்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையோடு அது இல்லாவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை, சாறு குடித்து நெஞ்செரிச்சல் வருகிறது என்றால் வெறும் தண்ணீரே போதும்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மாத்திரையின் மொத்த எடை வேறு, அதில் இருக்கும் உண்மையான இரும்பு வேறு. எலிமெண்டல் அயர்ன் என்று போட்டிருக்கும் எண்தான் முக்கியம். 325 மி.கி. ஃபெரஸ் சல்பேட்டில் உண்மையான இரும்பு 65 மி.கி. 300 மி.கி. ஃபெரஸ் குளுக்கோனேட்டில் சுமார் 35 தான். குறைவு வராமல் தடுக்க எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சொல்லப்படுவது 30-லிருந்து 60 மி.கி. வரை. ரத்தசோகை வந்தபின் உலக சுகாதார நிறுவனம் 120 வரை போகச் சொல்கிறது, பிரிட்டனில் 40-லிருந்து 80 போதும் என்கிறார்கள், கூட்டினால் வயிற்றுத் தொல்லைதான் கூடுகிறது என்பது அவர்கள் வாதம். உங்களுக்கு எது என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் நீங்கள் போடுவது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சத்து மாத்திரை ஒன்றில் எல்லாம் கலந்து கொஞ்சம் இரும்பும் இருக்கும், அதைப் போட்டுவிட்டு அயர்ன் போடுகிறேன் என்று நினைத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வயிறு புரட்டுவதற்கு: வெறும் வயிற்றில் தாங்கவில்லை என்றால் லேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள், கொஞ்சம் உறிஞ்சல் குறையும், ஆனாலும் வாந்தி எடுப்பதைவிட, போடாமலே விடுவதைவிட அது மேல். வேறு வகை இரும்புக்கு மாற்றித் தரச் சொல்லலாம், குறைந்த அளவுக்கு மாறலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடும் முறையும் இருக்கிறது: இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது, அது ஒரு நாள் அளவுக்குக் குடலில் கதவை அடைத்துவைக்கிறது, அதனால் அடுத்த நாள் போடுவதில் குறைவாகத்தான் ஏறும். இதைக் கண்டறிந்த ஆய்வுகள் முக்கியமாகக் கர்ப்பம் இல்லாத பெண்களிடம் செய்யப்பட்டவை, அதனால் உங்கள் வாரத்தில் நீங்களாக அப்படி மாற்றாதீர்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இதே காரணத்தால்தான் ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போடுவதில் பயன் இல்லை.

மலச்சிக்கலுக்குத் தண்ணீர், நார்ச்சத்து, நடை எல்லாம் உண்டு, அதற்கும் சரியாகவில்லை என்றால் கர்ப்பத்தில் போடக்கூடிய மலமிளக்கி இருக்கிறது, கேட்கக் கூச்சப்படாதீர்கள். மலம் கறுப்பாகப் போவது இரும்பால்தான், பயம் வேண்டாம். அப்புறம் வீட்டில் சின்னப் பிள்ளைகள் வந்து போனால் மாத்திரையை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். பெரியவர்களுக்கான இரும்பு மாத்திரைகள் கொஞ்சம் விழுங்கினாலும் குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்து.

வானவில்

இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது அக்கா. சொன்னதற்கு நன்றி. முதல்முறை_அம்மா, மாத்திரையை விடாதீர்கள்.

முதல்முறை_அம்மா

ரத்தஅறிக்கை, இரண்டுபிள்ளைக்காரி அக்கா, இருவருக்கும் ரொம்ப நன்றி. என் மாத்திரை அட்டையில் எலிமெண்டல் அயர்ன் 60 என்று இருக்கிறது. நாளைக் காலையிலிருந்தே வெறும் வயிற்றுக்கு மாற்றிவிடுகிறேன், கால்சியம் மதியம். எம்.சி.வி. 74 என்று போட்டிருக்கிறது, அதையும் கேட்கிறேன்.

இன்னொரு சந்தேகம். ட்ரிப்ஸ் மூலமாக இரும்பு ஏற்றினால் சீக்கிரம் ஏறும் என்று ஒரு தோழி சொல்கிறாள். என் டாக்டர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நானாகக் கேட்டால் அவர் தவறாக நினைப்பாரோ என்றும் இருக்கிறது. குழந்தைக்கு அது பாதுகாப்பா? எந்த நிலையில் அதைக் கேட்க வேண்டும்?

பிரசவவார்டு

பிரசவ வார்டில் பல வருடமாக இருக்கும் நர்ஸ் நான். கேளுங்கள் தங்கச்சி, கேட்பதில் ஒரு தவறும் இல்லை. 9.1-ஓடு பிரசவ அறைக்கு வருபவரையும் 11-ஓடு வருபவரையும் நான் தினமும் பார்க்கிறேன், அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நாட்கணக்கைப் பாருங்கள். மாத்திரை சரியாக உள்ளே போனால் ஒரு வாரம் பத்து நாளில் எலும்பு மஜ்ஜை புது அணுக்களை அனுப்ப ஆரம்பிக்கும், இரண்டு மூன்று வாரத்தில் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1 கிராம் ஏற வேண்டும். உங்களுக்கு 40 வாரம் வரை எட்டு வாரம் இருக்கிறது என்று வைத்தாலும் 37-லிருந்து எப்போது வேண்டுமானாலும் வலி வரலாம், ஆக நம்பக்கூடியது ஐந்து வாரம்தான். அதனால் மறு பரிசோதனைக்கு ஒரு மாதம் காத்திருக்காதீர்கள். மாத்திரையைச் சரியான முறையில் போட ஆரம்பித்து இரண்டு வாரத்தில், அதிகம் போனால் மூன்று வாரத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். ஏறிக்கொண்டிருந்தால் அப்படியே தொடரலாம். அசையவே இல்லை, அல்லது வாந்தியால் மாத்திரை உள்ளே நிற்கவே இல்லை என்றால் அன்றைக்கே ட்ரிப்ஸ் பற்றிப் பேசுங்கள். பிரிட்டனின் ரத்தவியல் வழிகாட்டியில் 34 வாரம் தாண்டி இரும்புக் குறைவு உறுதியாகி ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருப்பவர்களுக்கு நேரடியாகவே நரம்பு வழி இரும்பை யோசிக்கச் சொல்கிறார்கள், ஏனென்றால் மாத்திரைக்கு நேரம் போதாது. நீங்கள் 34-ஐத் தொடப் போகிறீர்கள். ஆகவே இது அதிகப்பிரசங்கித்தனமான கேள்வி இல்லை, கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கிற கேள்வி.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு, பல டாக்டர்கள் இன்றும் அதைத்தான் போடுகிறார்கள். கர்ப்பத்துக்கு முந்தைய எடையை, ஏற வேண்டிய ஹீமோகுளோபின் அளவால் பெருக்கி, அதை 2.4-ஆல் பெருக்கி, இருப்புக்காக 500 சேர்ப்பது. உங்களுக்கு 55 கிலோ, 9.1-லிருந்து 11-க்கு 1.9. பெருக்கினால் 250 சொச்சம், அதோடு 500, ஆக ஏறக்குறைய 750 மி.கி. பாருங்கள், இதில் பெரும்பங்கு காலியான இருப்பை நிரப்பத்தான் போகிறது. உணவில் இருந்து ஒரு நாளைக்கு ஓரிரண்டு மி.கி. உள்ளே போகிற வேகத்தில் இந்த இடைவெளியை எப்போது அடைப்பது?

ட்ரிப்ஸில் முக்கியமாக இரண்டு வகை பார்க்கிறோம். அயர்ன் சுக்ரோஸ் என்றால் ஒரு தடவைக்கு வழக்கமாக 200 மி.கி., ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதனால் உங்கள் கணக்குக்கு நான்கு தடவை வர வேண்டியிருக்கும். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்றால் எடையைப் பொறுத்து ஒரே தடவையில் 1000 வரை போடலாம், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். எந்த வகை கிடைக்கும், எது உங்களுக்குப் பொருந்தும் என்பது இடத்தைப் பொறுத்தது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் போடுவதில்லை, அதற்குப் பிறகு பல வருடமாகப் போட்டு வருகிறார்கள். கிருமித்தொற்று, காய்ச்சல் இருக்கும்போது தள்ளிப்போடுவார்கள்.

பயப்பட வேண்டியது எது, வேண்டாதது எது என்றும் சொல்லிவிடுகிறேன். ஏறும்போது முகம் சூடாவது, நெஞ்சு லேசாக இறுகுவது, முதுகு வலிப்பது போல் சிலருக்கு வரும், நிறுத்தினால் சில நிமிடத்தில் தானாக அடங்கும், பிறகு மெதுவாகத் தொடர்வோம். கடுமையான ஒவ்வாமை அரிது, ஆனால் அரிது என்பதற்காக விட்டுவிட முடியாது, அதனால்தான் அவசர சிகிச்சை வசதி உள்ள இடத்தில் மட்டும் போட வேண்டும், முடிந்தபின் அரை மணி நேரம் கவனிப்பில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து போடுகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம். ஊசி போட்ட இடத்தில் எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் உடனே சொல்லுங்கள், மருந்து வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை விழும், அது மாதக்கணக்கில், சிலருக்கு நிரந்தரமாகவே நிற்கும். முன்பு ஏதாவது மருந்துக்கு ஒவ்வாமை வந்திருந்தால், ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ட்ரிப்ஸ் போட்டபின் சில நாள் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், எப்போது திரும்ப ஆரம்பிப்பது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும். ட்ரிப்ஸ் போட்ட மறுநாளே ஹீமோகுளோபின் ஏறிவிடாது. இரும்பு கைக்கு வந்தாலும் உடம்பு அணுக்களைச் செய்ய நாள் எடுக்கும், ஓரிரு வாரத்தில் ஏற ஆரம்பித்து மூன்று நான்கு வாரத்தில்தான் முழுப் பலன் தெரியும். 38-வது வாரத்தில் ஓடி வந்து போட்டால் பிரசவத்துக்கு உதவுவது கொஞ்சம்தான், பிறகுதான் உதவும். ஆகவே கேட்பதானால் இப்போதே.

ரத்தம் ஏற்றுவது வேறு விஷயம். 7-க்குக் கீழே இருந்து பிரசவம் நெருங்கிவிட்டது, அல்லது ரத்தப்போக்கு, அல்லது இதயம் திணறுகிறது என்றால்தான் அது. 9.1-க்கு யாரும் ரத்தம் ஏற்றப் போவதில்லை. சுகப்பிரசவத்தில் அரை லிட்டர் வரை ரத்தம் போவது சாதாரணமாக நடக்கும், சிசேரியனில் இன்னும் அதிகம். அரை லிட்டர் ரத்தத்தோடு 200 மி.கி. இரும்பும் போகிறது. 11-ஓடு வருபவர் அதைத் தாங்கிக்கொள்வார். 9-ஓடு வந்தால் அதே இழப்புக்கு மயக்கம், படபடப்பு, எழுந்து நிற்க முடியாத நிலை எல்லாம் வரும். இதற்காகத்தான் முன்கூட்டியே ஏற்றப் பார்ப்பது.

குழந்தையைப் பற்றிக் கேட்டீர்கள். நஞ்சுக்கொடி அம்மாவிடம் குறைவாக இருந்தாலும் குழந்தைக்கு முதலில் எடுத்துக் கொடுக்கும், அதனால் உங்கள் குழந்தைக்கு எல்லாம் போச்சு என்று நினைக்காதீர்கள். ஆனால் சரிசெய்யாமல் விட்ட ரத்தசோகையோடு குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் கூடுதலாகச் சேர்ந்து வருகின்றன, குழந்தை பிறக்கும்போது கொண்டுவரும் இரும்பு இருப்பும் குறையலாம். பிரசவத் திட்டம் பேசும்போது உங்களுக்கு ரத்தசோகை இருக்கிறது என்பதை எழுதிவைக்கச் சொல்லுங்கள், நஞ்சு விழும் நேரத்தில் கருப்பை சுருங்க ஊசி போடுவதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். குழந்தை நன்றாக இருந்தால் தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடமாவது, முடிந்தால் மூன்று நிமிடம் பொறுத்து வெட்டச் சொல்லுங்கள். அந்தச் சில நிமிடத்தில் நஞ்சுக்கொடியில் இருக்கும் ரத்தம் குழந்தைக்குள் போகிறது, அதோடு முதல் மாதங்களுக்கான இரும்பும் போகிறது. இதனால் உங்களுக்கு ரத்தப்போக்கு அதிகமாகாது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், மயக்கம் போட்டால், இதயம் அடித்துக்கொண்டே இருந்தால், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள். குழந்தையின் அசைவு குறைந்தாலும் அப்படித்தான், அதற்கு இரும்பு காரணமாக இல்லாவிட்டாலும் சரி.

முதல்முறை_அம்மா

அக்கா, படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது, இவ்வளவு பொறுமையாக எனக்கு யாரும் சொன்னதில்லை. டாக்டரின் அறைக்குப் போன் செய்து ஒரு மாதத்துக்குப் பதிலாக இரண்டு வாரத்தில் பரிசோதனை வைக்க முடியுமா என்று கேட்டேன், சரி என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு ஏறவில்லை என்றால் ட்ரிப்ஸ் பற்றிக் கேட்கிறேன். தொப்புள்கொடி விஷயத்தையும் எழுதி வைத்திருக்கிறேன்.

பிரசவம் ஆனபிறகு மாத்திரையை நிறுத்திவிடலாமா? பால் கொடுக்கும்போது போடலாமா?

இரண்டுபிள்ளைக்காரி

நிறுத்தாதீர்கள்மா. எல்லோரும் செய்வது அதுதான், குழந்தை வந்த மறுநாளே மாத்திரை அட்டை எங்கே போனது என்றே தெரியாது. ஹீமோகுளோபின் சரியான அளவுக்கு வந்தபிறகும் மூன்று மாதம், பிரசவத்துக்குப் பின் குறைந்தது ஆறு வாரம் தொடர வேண்டும் என்பார்கள், இருப்பு நிரம்ப அவ்வளவு நாள் வேண்டும். பால் கொடுக்கும்போது தாராளமாகப் போடலாம். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனாலோ, பிரசவத்துக்குப் போகும்போதே ரத்தசோகை இருந்தாலோ இரண்டு நாளுக்குள் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும், அவர்கள் மறந்தால் நீங்களோ கூட இருப்பவரோ கேளுங்கள். தூக்கமின்மையால் வரும் அசதியையும் ரத்தசோகையால் வரும் அசதியையும் நம்மால் பிரித்துப் பார்க்க முடியாது, மனச்சோர்வும் அதோடு சேர்ந்து வரலாம், அதனால் "பிள்ளை பெற்றவள் அப்படித்தான் இருப்பாள்" என்று யார் சொன்னாலும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

குழந்தை மருத்துவரிடமும் முதல் சந்திப்பிலேயே உங்களுக்குக் கர்ப்பத்தில் இரும்பு குறைவாக இருந்தது என்று சொல்லிவிடுங்கள். தாய்ப்பாலில் இரும்பு குறைவுதான், நீங்கள் மாத்திரை போடுவதால் அது அதிகமாகாது. நிறைமாதக் குழந்தை முதல் ஆறு மாதத்தைப் பெரும்பாலும் தான் கொண்டுவந்த இருப்பில்தான் ஓட்டுகிறது, அந்த இருப்பு குறைவாக இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் சொட்டு மருந்து எப்போது ஆரம்பிப்பது என்று அவர் முடிவு செய்வார்.

இரண்டு வாரப் பரிசோதனை முடிவு வந்ததும் இங்கேயே எழுதுங்கள். பழைய அறிக்கையையும் எடுத்துக்கொண்டு போங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டிக் கேளுங்கள்.